வாயைத் திறந்துகொண்டு ஓடும் சல்லடை

மூணாறு பக்கம் மாட்டுப்பட்டி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ஓர் ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். போன கோடையில் உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து படகு ஏறி மீன் பிடிக்கப் போனாளாம். ஆளுக்கு இத்தனை பவுன் என்று கட்டிவிட்டால் போதும். தூண்டில் கயிறு படகுக்காரருடையது, மீன் இருக்கும் இடம் தேடிப் போவது அவர் பொறுப்பு, எப்படி இறக்குவது எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுப்பதும் அவரே. இரண்டு மணி நேரத்தில் கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார். மகள் அனுப்பிய வீடியோவில் ஒரே இழுப்பில் ஆறு மீன் துள்ளிக்கொண்டு வருகிறதாம்.

வாசகர் மூன்று கேள்வி கேட்கிறார். அது நம்ம அயிலைதானா? கொக்கியில் இரை எதுவும் இல்லை, வெறும் இறகுதான் கட்டியிருக்கிறது, அதைப் போய் மீன் கடிக்குமா? கடைசியாக, நம் மாட்டுப்பட்டி அணையில்தான் ஸ்பீடு போட் ஓடுகிறதே, அதிலேயே அயிலையை விட்டு வளர்த்து, வருகிற சுற்றுலாப் பயணிகளை இப்படி அழைத்துப் போனால் என்ன?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நடக்காது. அயிலை கடல்மீன், நன்னீர் அதற்கு ஆகாது. உப்பைக் கரைத்து ஊற்றலாமே என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உப்பு மட்டும் பிரச்சினை இல்லை. இது கூட்டமாக, ஓயாமல், மைல் கணக்கில் ஓடும் மீன். அதற்கு வேண்டிய சாப்பாடு கடல் அளவுக்குப் பரந்த நீரில்தான் விளையும். 1,700 மீட்டர் உயரத்தில், மலை இடுக்கில் தேங்கிய குளிர்ந்த நீரில் அது விளையாது.

மலைக்குப் பொருத்தமான மீன் வேறு, அதை வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் கண்டுபிடித்துத்தான் விட்டுப் போனார்கள். மூணாறு ஓடைகளில் ட்ரவுட் வந்த கதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராஜமலையில் குஞ்சு பொரிக்கும் இடம் அமைத்தார்கள், ஹைரேஞ்ச் ஆங்ளிங் அசோசியேஷன் என்று சங்கம் வைத்தார்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக் கூடாது என்றார்கள். இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. மலபார்க் கடல் மீன்களைப் பற்றி 1865-இல் புத்தகம் எழுதிய ராணுவ மருத்துவர் ஃபிரான்சிஸ் டே, அதே பத்தாண்டில் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் அந்த வேலை கைகூடியது. மீனைப் பற்றிப் புத்தகமே எழுதியவருக்கும் ஒரு மீனை இடம் மாற்றுவது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

இனி முதல் கேள்வி. மகள் பிடித்தது அயிலையின் ஒன்றுவிட்ட உறவு. அது அட்லாண்டிக் கடலின் மீன். அதன் முதுகில் கருவரிகள் குறுக்கே நெளிந்து நெளிந்து போகும். நம் அயிலைக்குக் கோடுகள் உடல் நீளத்துக்கு ஓடும், பக்கத் துடுப்புக்கு அருகில் ஒரு கரும்புள்ளி இருக்கும். செங்கடலில் தொடங்கி இந்தோனேசியாவைத் தாண்டியும் வெதுவெதுப்பான கடலில் எல்லாம் இந்த மீன் உண்டு. சென்னைக்காரர்கள் கானாங்கெளுத்தி என்பார்கள், மங்களூரில் பாங்குடே, கோவாவில் பாங்க்டா, இலங்கையில் கும்பளா, மலேசியத் தமிழர் வீடுகளில் கெம்போங். சூரையும் வஞ்சிரமும் இந்தக் குடும்பத்துப் பெரியண்ணன்மார். அண்ணன்களுக்குக் கல்யாண வீட்டில் இலை போடுவார்கள், தம்பியை யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள, விலை குறைந்த மீனுக்கு மரியாதை அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தம்பியிடம் அண்ணன்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை அயிலை வாங்கும்போது ஆய்வதற்கு முன் அதன் வாயை இரண்டு விரலால் அகலத் திறந்து, வெளிச்சத்தில் காட்டி உள்ளே பாருங்கள். தொண்டைக்கு இருபுறமும் நீளநீளமாய் மெல்லிய முட்கள் வரிசையாக நிற்பது தெரியும். ஒவ்வொரு முள்ளிலும் இறகில் இருப்பதைப் போல் பூந்தூவி. செவுளைத் தாங்கும் வளைந்த எலும்பின் வெளிப்பக்கத்தில் சிவப்பாக இருப்பது மூச்சு விடுவதற்கு. உள்பக்கத்தில் வெளுத்து நிற்கும் இந்த முட்கள் சாப்பாட்டுக்கு. முதல் வளைவின் கீழ்ப்பாதியில் மட்டும் 30 முதல் 46 வரை இருக்கும். வஞ்சிரத்தின் வாயைத் திறந்தால் கத்திப் பல்தான் தெரியும். இப்படி எதுவும் இருக்காது.

இது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. சாதாரணமாக நீந்திக்கொண்டிருக்கும் கூட்டம் திடீரென்று வாயைப் பிளக்கிறது. கொஞ்சநஞ்சமாக இல்லை. கீழ்த்தாடை இறங்கி, செவுள் மூடிகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, தலையின் உருவமே மாறிப்போகும். முன்னாலிருந்து பார்த்தால் மீனின் முகம் தெரியாது, வட்டமான ஓர் ஓட்டைதான் தெரியும், அதன் ஓரத்தில் வெள்ளியாய் மின்னும் தோல். செங்கடலில் முக்குளிப்பவர்கள் இதைப் படம் எடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மீன்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, எல்லாம் வாயைத் திறந்தபடி ஓடுகின்றன. கொஞ்ச தூரம் போனதும் வாயை மூடுகின்றன. பிறகு மறுபடியும் திறக்கின்றன. மூடுவதற்குக் காரணம் உண்டு. வாயைத் திறந்தால் தண்ணீர் எதிர்த்துத் தள்ளும், ஓடுவதற்குக் கூடுதல் சக்தி செலவாகும். கிடைக்கும் சாப்பாடு அந்தச் செலவுக்குக் கட்டுபடியாகிற இடத்தில்தான் வாய் திறக்கிறது.

வாய் வழியாக நுழையும் நீர் செவுள் வழியாக வெளியே போகிறது. போகிற வழியில் முட்கள் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துக்கொள்கின்றன, செவுள் பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. ஒரே நீரோட்டத்தில் மூச்சும் சோறும். குட்டி அயிலை பாசி போன்ற நுண்தாவரங்களை அதிகம் தின்கிறது. வளர்ந்தபின் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற இறால் இனத்துப் பொடிப் பூச்சிகளுக்கு மாறிக்கொள்கிறது.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பிரிவில் வேலை பார்த்தவர். இலை, தூள், டஸ்ட் என்று தரம் பிரிக்கும் சல்லடைகள் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டிருக்கும். அங்கே பெரிய தொல்லை, கண்கள் அடைத்துக்கொள்வது. நாரும் துகளும் வலைக்கண்ணில் செருகிக்கொண்டு விட்டால் தூள் இறங்காது, மேலேயே தேங்கிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா இருமிக்கொண்டே அதைத்தான் செய்வார். அயிலைக்கு பிரஷ் போட யார் இருக்கிறார்கள்? அதன் வாய்க்குள் ஒரு நாளில் எவ்வளவு நுண்ணுயிர் வந்து மோதும்? முட்கள் ஏன் அடைத்துக்கொள்வதில்லை?

ரொம்பக் காலம் அறிவியலாளர்களும், மீன்களின் வாயில் இருப்பது சாதாரணச் சல்லடைதான், துகள் வந்து முள்ளில் ஒட்டிக்கொள்கிறது, மீன் அதைச் சளியோடு விழுங்குகிறது என்றே நினைத்திருந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் லாரி சாண்டர்சனும் அவருடைய சகாக்களும் வடிகட்டித் தின்னும் வேறு சில மீன்களின் வாய்க்குள் எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பார்த்தார்கள். நம் வயிற்றுக்குள் டாக்டர் விடுகிற அதே குழாய். துகள்கள் முள்ளின் மேல் வந்து மோதவே இல்லை. வாய்க்குள் நீர், சல்லடைக்கு நேராகப் பாயாமல் அதை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. நீர் மட்டும் இடுக்குகள் வழியே நழுவி வெளியேற, துகள்கள் நீரோட்டத்தோடு பின்னால், தொண்டையைப் பார்த்து நகர்ந்து போகின்றன. 2001-இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். வலைக்கண்ணில் எதுவும் செருகுவதில்லை, ஆகவே அடைப்பும் இல்லை. பால் பண்ணைகளில் பாலைச் சவ்வு வழியாக வடிகட்டும் எந்திரங்களும் இதே முறையில்தான் ஓடுகின்றன. மனிதன் யோசித்துச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த வேலையை மீன்கள் எப்போதோ வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கின்றன.

இப்போது இரண்டாவது கேள்வியின் புதிர் புரியும். வடிகட்டிச் சாப்பிடுகிற மீன் எதற்குக் கொக்கியைக் கடிக்கிறது?

கடிப்பதும் அதற்குத் தெரியும் என்பதுதான் பதில். அட்லாண்டிக் மீனுக்கும் நம் அயிலைக்கும் இரண்டு விதமாகச் சாப்பிடத் தெரியும். பொடி உணவு அடர்ந்திருந்தால் வாயைத் திறந்துகொண்டு ஓடும். சற்றுப் பெரிய இரை, மீன்குஞ்சோ இறால்குஞ்சோ கண்ணில் பட்டால் குறிவைத்துப் பாய்ந்து கவ்வும். படகுக்காரர் கொடுத்த கயிற்றில் ஈயக்குண்டுக்கு மேலே ஐந்தாறு கொக்கிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் வெள்ளையோ வண்ணமோ ஓர் இறகு. அதை இறக்கிவிட்டுக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினால் இறகுகள் மின்னி மின்னிக் குஞ்சுக் கூட்டம் துள்ளுவதாகத் தோன்றும். கூட்டத்தில் வாழும் மீனுக்கு நின்று முகர்ந்து பார்க்க நேரம் கிடையாது. தான் தயங்கினால் பக்கத்தில் வருவது பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒன்று கடித்தால் ஆறும் கடிக்கும். வித்தை எதுவும் இல்லை. விழிஞ்ஞம் பக்கமும் குமரிக் கரையிலும் நம் மீனவர்கள் ஒரே கயிற்றில் பல கொக்கி கட்டி, மினுங்குகிற போலி இரை வைத்து அயிலை பிடிப்பது பழக்கம்தான். நாம் அதைப் போய்ப் பார்க்க டிக்கெட் எடுப்பதில்லை.

மகளின் மீனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலான மீன்களுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கும், மிதப்பதற்கு. அட்லாண்டிக் மீனுக்கு அது கிடையாது. அதனால் ஆழத்திலிருந்து மேலே சட்டென்று வரவும் மறுபடி இறங்கவும் அதற்குச் சிரமமில்லை. பதிலுக்கு அது நீந்துவதை நிறுத்தினால் மூழ்கிவிடும். நம் அயிலைக்குக் காற்றுப்பை உண்டு.

படகுப் பயணத்தில் உண்மையான திறமை படகுக்காரருடையது. கடற்பறவை எங்கே விழுகிறது, நீர் எங்கே சலசலக்கிறது, எதிரொலிக் கருவியின் திரையில் கூட்டம் எந்த ஆழத்தில் தெரிகிறது என்று பார்த்துக் கூட்டத்தின் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவது அவர் வேலை. அதற்கப்புறம் குழந்தைகூடப் பிடிக்கும். அதில்தான் எனக்கு ஒரு மனக்குறை. சுலபமாகக் கிடைப்பதால் எத்தனை போதும் என்று யாரும் யோசிப்பதில்லை. வாளி நிறையப் பிடித்து, படம் எடுத்து, கரைக்கு வந்தபின் யார் வீட்டில் யார் ஆய்வது என்று தெரியாமல் பாதியைக் கொட்டுகிற பயணிகள் எல்லா நாட்டிலும் உண்டு. மகளிடம் சொல்லுங்கள்: அன்று இரவு சாப்பிடுவதற்கு எவ்வளவோ அவ்வளவு பிடித்ததும் கயிற்றைச் சுருட்டிவிட்டுக் கடலைப் பார்க்கட்டும்.

அந்தக் கரைக்காரர்கள் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தார்கள். அந்தத் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில் கைக்கயிறு போட்டு இந்த மீனைப் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் நிறைய. 1970-களில் வடகடலில் ஹெரிங் மீன் குறைந்து, ஐஸ்லாந்துப் பக்கமும் போக முடியாமல் போனதும், பெரிய இழுவைக் கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பின. சில ஆண்டுகளில் கூட்டங்கள் மெலிந்துவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் கார்ன்வாலைச் சுற்றிக் கடலில் ஒரு பெரிய கட்டம் போட்டு, அதற்குள் பெரிய கப்பல்கள் இந்த மீனைக் குறிவைத்துப் பிடிக்கக் கூடாது, கைக்கயிறு போடலாம் என்று விதித்தார்கள். இளம் மீன்கள் வளரும் இடம் என்பதே காரணம். மகள் அத்தனை மீனைத் தூக்க முடிந்ததற்கு அந்தக் கட்டத்துக்கும் பங்கு உண்டு.

நம் கடலில் நிலைமை வேறு. மேற்குக் கரையில் மழைக்காலத்தில் காற்று கரையோரமாக வீசி மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். நுண்தாவரம் பெருகும், அதைத் தின்னப் பூச்சி பெருகும், பூச்சியைத் தின்ன அயிலையும் மத்தியும் வரும். மாட்டுப்பட்டித் தேயிலைச் சரிவில் ஜூன், ஜூலையில் கொட்டுகிற அதே பருவமழைதான் கீழே கடலில் இந்த விளைச்சலையும் செய்கிறது. அணை நிரம்பும் மாதங்களில் கடலும் விளைகிறது, பிறகு மீன் கூட்டம் கரையை நெருங்குகிறது.

1980-களின் நடுவில் கேரளத்துக்குச் சுற்றிவளைக்கும் பெருவலை வந்தது. கூட்டமாக வாழ்வது அயிலைக்குப் பலம். அந்த வலைக்கு முன்னால் அதுவே எமன். ஒரு கூட்டத்தைச் சுற்றி வலை போட்டு அடியைச் சுருக்கிவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. 2018-இல் இந்தியக் கடலில் பிடிபட்ட மீன்களில் அயிலைதான் முதலிடம், ஏறக்குறைய 2.84 லட்சம் டன். கேட்க நன்றாக இருக்கிறது. அதே மேற்குக் கரையில் மத்தி மீனுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் அந்தப் பெருமை இறங்கிவிடும். 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னில் வந்து நின்றது. கடல் சூடாவது, மழை தவறுவது எல்லாம் காரணம்தான். குஞ்சையும் சேர்த்து வாரியதும் காரணம்.

அதனால்தான் கேரள அரசு சட்டத்தில் அளவு குறித்தது. அயிலை 14 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது, மத்திக்கு 10. கொச்சியிலிருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை அது (1947-இல் தொடங்கியது, நம் மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத்தான் பிறகு கொச்சிக்குப் போனது). என் கருத்தில் 14 தாராளமான சலுகை. பெரும்பாலான அயிலை அதைவிட இன்னும் சில சென்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் முதல்முறை முட்டையிடும். அந்தச் சலுகையையும் மீறி விரல் நீளக் குஞ்சுகள் கூடை கூடையாக வருகின்றன. மனிதன் சாப்பிட்டால்கூடப் பரவாயில்லை. கணிசமான பங்கு மீன்தூள் ஆலைக்குப் போய், பண்ணை இறாலுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. மலிவான மீனைத் தூளாக்கி விலை உயர்ந்த இறாலுக்குப் போடுகிறோம், பிறகு அயிலை கிலோ என்ன இவ்வளவு விலை என்று கேட்கிறோம்.

பிடித்த மீனை நாம் நடத்தும் விதமும் சரியில்லை. இதை மலைக்காரர்களுக்காகவே சொல்கிறேன். கொச்சியிலிருந்து மூணாறுக்குச் சுமார் 130 கிலோமீட்டர், நேரியமங்கலம் தாண்டினால் வளைவுகள்தான். மூணாறில் இறங்கிய மீன் பைக்கில் பெட்டி கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு மாட்டுப்பட்டி லயங்களுக்கு வந்து சேருவதற்குள் ஐஸ் பாதி உருகிவிடும். மற்ற மீனென்றால் கொஞ்சம் தாங்கும். சூரை, அயிலை குடும்பம் தாங்காது. இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. சூடு பட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். அதைத் தின்றால் சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்வார்கள். பல நேரம் குற்றம் மீனுடையதல்ல, உருகிப்போன ஐஸுடையது. ஒருமுறை ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. புளியை இரண்டு மடங்கு ஊற்றினாலும் போகாது. வாடை வந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி நாக்கு சுரீரென்றால் மேலே சாப்பிடாமல் துப்பிவிடுவது நல்லது.

இந்தக் கவலைக்குக் குறுக்குவழி தேடியவர்களும் இருந்தார்கள். 2018-இல் ஆபரேஷன் சாகர் ராணி என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டபோது வாளையார், அமரவிளை சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் போட்ட சரக்கு டன் கணக்கில் பிடிபட்டது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து அது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற எளிய கணக்கைச் செய்ய மனம் இல்லாதவர்கள் செய்த வேலை.

வாங்கும்போது கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்புகிறதா என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. கூடவே மாதத்தையும் பாருங்கள். செப்டம்பர் முதல் ஜனவரி வரை வரும் அயிலை கொழுத்தது, மலிவானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை முடிய 52 நாள் கேரளத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை. அந்த மாதங்களில் மலை ஏறி வரும் பெட்டியில் எந்தக் கடல் மீன் இருக்கிறது, எத்தனை நாளாய் இருக்கிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால் வாங்குங்கள். சுற்றி வளைத்தால் அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்துக்கொள்ளுங்கள்.